முதுகுத்தண்டும் பத்தாம் வகுப்புப் பெஞ்சும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

எண் சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது முன்னோர் வாக்கு. அந்தச் சிரசைக் காலை முதல் இரவு வரை சுமந்து நிற்பது எது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடை உடையது. நடுத்தரமான பூசணிக்காய் ஒன்றை மெல்லிய தூணின் மேல் ஏற்றி வைத்தாற்போல் முதுகுத்தண்டு அதனைத் தாங்குகிறது. தாங்கும் வரையில் அதற்கு நன்றி சொல்வார் இல்லை. வலிக்கத் தொடங்கிய பிறகே முதுகு என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது.

பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்தவர்களுக்கு அந்த நினைவு விரைவிலேயே வந்துவிடுகிறது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒருமுறை நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். பள்ளிப் பாடவேளைகள், காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு, அதன் பின் டியூஷன், வீட்டில் படிப்பு, இடையில் பேருந்திலோ மின்சார ரயிலிலோ இடம் கிடைத்தால் அங்கும் உட்காரல். பதினொரு மணி நேரத்திற்குக் குறைந்தவர் எங்களுள் ஒருவரும் இல்லை. தூங்கும் நேரத்தையும் கழித்துவிட்டால், நாங்கள் காலூன்றி நிற்பது காலை வழிபாட்டில் மட்டுந்தானோ என்று ஒரு தோழி கேட்டாள். சிரித்தோம். ஆனால் அவள் கேட்டது முழுப் பொய்யன்று.

வீட்டிலும் இதே கதைதான். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் ஆகிய நம் ஊர்களில் மேசை வேலை செய்யும் பெற்றோர் மிகப் பலர். தாம்பரம் சானடோரியத்தில் 1984ஆம் ஆண்டு ஏற்றுமதி வளாகம் ஏற்பட்டது. தரமணியில் 2000ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன் பிறகு பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் கணினி அலுவலகங்கள் எழுந்தன. அலுவலகம் விட்டு வரும் அப்பாவும், பள்ளி விட்டு வரும் மகளும் ஒரே இடத்தில் கையை வைத்துக்கொண்டு, “அம்மா, அந்தத் தைலத்தைக் கொஞ்சம் எடு” என்று கேட்கும் காட்சி இங்கே அபூர்வமானதன்று. 1893இல் தோன்றிய அமிர்தாஞ்சனம் இன்றும் வீட்டுக்கு வீடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தைலம் சிறிது நேரம் இதம் தரும். வலி ஏன் வந்தது என்பதை அது கேட்பதில்லை. அதை நாம் கேட்போம்.

தூண் அன்று, மணிமாலை

முதுகுத்தண்டை ‘தூண்’ என்று மேலே சொன்னோம். உண்மையில் அது கோத்த மணிமாலை போன்றது. அதில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. கீழ்ப்பகுதியில் உள்ளவை வளர வளர ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால், தனித்தனியே அசையக்கூடியவை 24 மட்டுமே. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இம்மாலை நேராக இராது. கழுத்திலும் இடுப்பிலும் முன்னோக்கியும், மார்புப் பகுதியில் பின்னோக்கியும் மெல்ல வளைந்திருக்கும். குதித்தாலும் ஓடினாலும் மூளை அதிராமல் இருப்பதற்கு இந்த வளைவுகள் துணை செய்கின்றன.

எலும்புகளுக்கு இடையில் 23 இடைத்தட்டுகள் உள்ளன. இவற்றைப் பற்றிப் படித்தபோதுதான் எங்களுக்கு வியப்பு மிகுந்தது. உடலின் பெரும்பாலான உறுப்புகளுக்கு இரத்தக் குழாய்கள் உணவைக் கொண்டு சேர்க்கின்றன. வளர்ந்தவரின் இடைத்தட்டுக்குள்ளோ இரத்தக் குழாய்கள் இல்லை என்றே சொல்லலாம். நனைந்த பஞ்சு போல, அழுத்தம் கூடும்போது அது நீரை வெளிவிடுகிறது. அழுத்தம் குறையும்போது நீரையும், அதோடு ஊட்டத்தையும் உள்ளிழுத்துக் கொள்கிறது. அதாவது நாம் அசைந்தால் அதற்கு உணவு எளிதாய்க் கிடைக்கும். மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் அதற்குக் கிட்டும் ஊட்டம் குறையும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். காலையில் படுக்கையை விட்டு எழுந்தவுடன் சுவரோடு ஒட்டி நின்று, தலைக்கு மேல் அளவுகோலை வைத்து உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு படுக்கப் போகுமுன் மறுபடியும் குறியுங்கள். இரவில் சற்றே குள்ளமாகியிருப்பீர்கள். வேறுபாடு 1 சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கலாம். பகல் முழுவதும் பிழியப்பட்ட பஞ்சு இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் ஊறிக்கொள்கிறது. அண்ணனோடு உயரப் போட்டி போடும் தங்கையர் காலையிலேயே போட்டியை வைத்துக்கொள்வது நலம்.

உட்கார்ந்தே இருப்பதால் தசைகளுக்கும் கேடு வருகிறது. தொடையை இடுப்போடு இணைக்கும் முன்பக்கத் தசைகளும், தொடையின் பின்பக்கத் தசைகளும் இறுகிப் போகின்றன. நம்மை நிமிர்த்தி நிறுத்த வேண்டிய பிட்டத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் வேலையின்றிச் சோம்பிப் போகின்றன. முதுகின் சிறு தசைகள் மட்டும் தனியாளாய் நின்று பாரம் சுமக்கின்றன. ஐந்து பேர் தூக்க வேண்டிய பெஞ்சை ஒருத்தியே தூக்கினால் அவள் கை எப்படி வலிக்கும்? அப்படியே முதுகும் வலிக்கிறது.

“நிமிர்ந்து உட்கார்!”

இந்தக் கட்டளையைக் கேட்காத மாணவி இல்லை. சொல்லும் ஆசிரியைகளின் அன்பை நாங்கள் அறிவோம். ஆயினும் இக்கட்டளையில் பாதி உண்மைதான் உள்ளது என்று தோன்றுகிறது.

உட்கார்ந்து எழுதுவோருக்கு வரும் நோய்களைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ராமசினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். ஆகவே இது கணினி கொண்டுவந்த புது நோயன்று. 1960களில் சுவீடன் நாட்டு மருத்துவர் நாகெம்சன், மக்களின் இடைத்தட்டில் மெல்லிய ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது இருப்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது என்றும், முன்னே குனிந்து உட்கார்ந்தால் இன்னும் கூடுகிறது என்றும் கண்டார். ‘கூனாதே’ என்னும் அறிவுரைக்கு அது பெரிய ஆதாரமாயிற்று. ஆனால் 1999இல் ஜெர்மனியில் ஒருவரிடம் புதிய கருவியால் அளந்தபோது, சாய்ந்து தளர்வாக உட்கார்ந்த நிலையில் அழுத்தம் நிற்பதைவிடக் கூடவில்லை. இன்று பல மருத்துவர்கள் சொல்வது இதுதான்: எல்லார்க்கும் எந்நேரமும் ஏற்ற ஒரே ‘சரியான நிலை’ என்று ஒன்று இல்லை, எந்த நிலையிலும் நெடுநேரம் உறைந்து கிடப்பதே தீங்கு. கம்பு போல் விறைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் முதுகு நோகத்தான் செய்யும். ஆகவே “நிமிர்ந்து உட்கார்” என்பதோடு “அடிக்கடி எழுந்து நில்” என்பதையும் சேர்த்துச் சொன்னால் எங்களுக்கு உதவியாய் இருக்கும்.

பாட்டிமாருக்கு முதுகுவலியே இல்லை, அவர்கள் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்தார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள் என்று சொல்லக் கேட்கிறோம். அவர்கள் வலிமை உடையவர்கள் என்பது மெய். வலி இல்லாதவர்கள் என்பது மெய்யன்று. ‘இடுப்பு ஒடிந்துபோயிற்று’ என்ற பேச்சு மேசை நாற்காலியிலிருந்து பிறந்ததா? சேற்றில் நாள் முழுவதும் குனிந்து நாற்று நடும் பெண்களிடம் கேட்டால் தெரியும். குனிந்தே இருந்தாலும் வலி, உட்கார்ந்தே இருந்தாலும் வலி.

நின்றே இருந்தாலும் அப்படித்தான். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலும் நம் தாம்பரத்துத் துணிக்கடைகளிலும் எங்களைவிட இரண்டு மூன்று வயதே மூத்த அக்காமார்கள் நின்றபடியே புடவைகளை விரித்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறோம். முன்பு பல கடைகளில் அவர்கள் உட்கார ஓர் ஆசனமும் இல்லை. கேரள அரசு 2018இல் இதற்குச் சட்டத் திருத்தம் செய்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர் ஒவ்வொருவருக்கும் உட்கார வசதி தரவேண்டும் என்று விதிக்கப்பட்டது. எங்களுக்கு எழுந்து நிற்க அனுமதி வேண்டும். அவர்களுக்கு உட்கார அனுமதி வேண்டும். இரண்டும் ஒரே முதுகின் கோரிக்கைகள்.

பையும் கைபேசியும்

முதுகுவலி என்றதும் பெற்றோர் முதலில் குறை கூறுவது புத்தகப் பையை. நாங்களும் பைகளை எடை போட்டுப் பார்த்தோம். நோட்டுப் புத்தகங்கள், டியூஷன் குறிப்புகள், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து பலருடைய பை 5 கிலோவைத் தாண்டியது. 1 லிட்டர் தண்ணீரே 1 கிலோ அல்லவா? சென்னை உயர்நீதிமன்றம் 2018 மே மாதத்தில் பை எடையைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு புத்தகப்பைக் கொள்கை, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 2.5 கிலோ முதல் 4.5 கிலோ வரை என்று வரம்பு கூறுகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2018இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, குழந்தைகளின் முதுகுவலிக்குப் பைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை என்று முடிவு கூறியது. பாரமான பை தோளை வருத்தும் என்பதில் ஐயமில்லை. இரு தோள்களிலும் மாட்டி, முதுகோடு ஒட்ட இழுத்துக் கட்டுவதே நன்று. இருந்தாலும், அரை மணி நேரம் சுமக்கும் பையைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, பதினொரு மணி நேரம் உட்காருவதை மறந்துவிடக் கூடாது.

கைபேசியைப் பற்றிப் பெரியவர்கள் நிறையச் சொல்லிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறோம். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் பாடங்களையே அந்தச் சிறு கண்ணாடியில் குனிந்து பார்த்துப் படித்த தலைமுறை நாங்கள். 2014இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஒருவர் போட்ட கணக்கின்படி, தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின் மீது விழும் சுமை 27 கிலோ அளவுக்கு உயர்கிறது. இது கணித மாதிரியைக் கொண்டு போட்ட கணக்கு. ஆயினும் பூசணிக்காயைக் கையை நீட்டிப் பிடித்தால் மார்போடு அணைத்துப் பிடிப்பதைவிடக் கனக்கும் என்பதை அறியக் கணிதம் தேவையில்லை. கைபேசியைக் கண்ணருகே உயர்த்துங்கள். கண்ணைக் கைபேசிக்குத் தாழ்த்த வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பெண்கள் வளரும் பருவத்தில் கூச்சத்தினால் தோள்களை முன்னே குவித்துக் கொள்கிறோம். வகுப்பில் உயரமான தோழியர், மற்றவரோடு சமமாகத் தெரிவதற்காகக் கழுத்தைத் தாழ்த்திக் கொள்கிறார்கள். ‘பெண் என்றால் தலைகுனிந்து நடக்க வேண்டும்’ என்று உறவினர் சொல்வதும் காதில் விழுகிறது. அடக்கம் மனத்தில் இருக்க வேண்டியது, கழுத்தெலும்பில் அன்று. தாய்மார்கள் இதைப் படித்தால், மகளைக் கடிந்து “கூன் போடாதே” என்று சொல்வதற்கு முன், அவள் ஏன் குனிகிறாள் என்று ஒருமுறை தனியே கேட்குமாறு வேண்டுகிறோம்.

பயிற்சிகள்

சென்னைக்கும் முதுகுக்கும் ஒரு நல்ல தொடர்பு உண்டு. யோகாசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) மைசூர் அரண்மனையில் பல்லாண்டு கற்பித்துவிட்டு, 1950களில் சென்னைக்கு வந்து, நூறு வயதில் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். பி.கே.எஸ். அய்யங்கார் அவருடைய மாணவர். 1937இல் இந்திரா தேவி என்னும் அயல்நாட்டுப் பெண்மணிக்கு அவர் கற்பித்தார். அவ்வம்மையார் பின்னர் அமெரிக்காவின் ஹாலிவுட்டில் யோகப் பள்ளி தொடங்கினார். கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். அவர் தந்தையின் பெயரால் 1976இல் நிறுவிய யோக மந்திரம் சென்னை மந்தைவெளியில் உள்ளது. ஆளுக்கு ஏற்பவே பயிற்சியைத் தரவேண்டும், ஆசனத்திற்காக ஆளை வளைக்கக் கூடாது; ஒவ்வோர் அசைவும் மூச்சோடு இணைய வேண்டும் — இவை அவர்கள் வழியின் அடிப்படை. எங்கள் உடற்கல்வி ஆசிரியை அவர்கள் எங்களுக்குக் கற்றுத்தந்ததும் இம்முறையில்தான்.

வகுப்பிலேயே செய்யக்கூடியதை முதலில் சொல்கிறோம். பாடவேளை மாறும் மணி அடித்ததும் எழுந்து, பெஞ்சுக்கு வெளியே கால்களைச் சற்று அகற்றி நின்று, இரு உள்ளங்கைகளையும் இடுப்பின் பின்புறம் வைத்து, மூச்சை இழுத்தபடி மெதுவாகப் பின்னே சாயவேண்டும். மூச்சை விட்டபடி நேரே வரவேண்டும். ஐந்து முறை. பிறகு விரல்களைப் பின்னந்தலையில் கோத்து, முழங்கைகளை அகல விரித்து, மார்பு திறக்குமாறு இரண்டு மூச்சு. பின், மோவாயைப் பின்னே இழுத்து இரட்டைத் தாடை வரச் செய்தல். இது பார்ப்பவருக்குச் சிரிப்பு மூட்டும், கழுத்துக்கு மிக நல்லது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகாது. அடுத்த ஆசிரியை வகுப்பிற்குள் நுழைவதற்குள் முடிந்துவிடும்.

வீட்டில் பாய் விரித்துச் செய்வதற்குப் பத்து நிமிடம் போதும். முதலில் சக்ரவாகாசனம். உள்ளங்கைகளும் முழங்கால்களும் தரையில் ஊன்றிப் பசு நிற்பது போல் இருந்து, மூச்சை இழுக்கும்போது மார்பை முன்னே நீட்டித் தலையைச் சற்று உயர்த்தவேண்டும். மூச்சை விடும்போது வயிற்றை உள்ளிழுத்து, முதுகை வளைத்து, குதிகால்களின் மேல் உட்கார்ந்து நெற்றியைத் தரைக்குக் கொண்டுவரவேண்டும். ஆறு முறை, அவசரமின்றி. பிழிந்த பஞ்சு நீரை உறிஞ்சுவதை நினைத்துக்கொண்டு செய்தால் எண்ணிக்கை மறந்துபோகும்.

அடுத்து அதே நிலையில் வலக்கையை முன்னேயும் இடக்காலைப் பின்னேயும் நேராக நீட்டி, மூன்று மூச்சு நிலைத்திருத்தல். பிறகு கைகாலை மாற்றுதல். எளிதாகத் தோன்றும். முதுகில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாலும் சிந்தாத அளவுக்கு இடுப்பு ஆடாமல் செய்து பாருங்கள், நெற்றி வியர்த்துவிடும். முதுகைச் சுற்றியுள்ள ஆழ்ந்த தசைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான வேலை குறைவு.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, மூச்சை இழுத்தபடி இடுப்பைப் பாலம் போல் உயர்த்தி, விட்டபடி முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்குவது த்விபாத பீடம். எங்கள் வகுப்பின் செல்லப் பயிற்சி இது. நாள் முழுவதும் சோம்பிக் கிடந்த பிட்டத் தசைகள் இதில்தான் விழிக்கின்றன. முடிவில் இரு முழங்கால்களையும் கைகளால் பற்றி, மூச்சை விடும்போது மார்பை நோக்கி அணைத்தால் இடுப்பு இளகும். மாதவிடாய் நாட்களில் வரும் இடுப்பு வலிக்கும் இது இதமளிப்பதாகப் பல தோழியர் சொல்கின்றனர்.

குப்புறப் படுத்துச் செய்யும் புஜங்காசனத்தில் கைகளால் உந்தி எழ முயல வேண்டாம். முதுகுத் தசையின் வலிமையால் எழும் அளவுக்கு எழுந்தால் போதும். குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சியை, வலி உள்ள நாட்களில் விட்டுவிடுவதே அறிவுடைமை. தோப்புக்கரணத்தையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம். தொடைக்கும் இடுப்புக்கும் அருமையான பயிற்சி. தண்டனையாகக் கொடுத்துக் கொடுத்து அதன்மேல் வெறுப்பு வரச்செய்துவிட்டார்கள்!

இவற்றால் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்குச் சில செய்திகள். பெங்களூருக்கு அருகிலுள்ள ஒரு யோக நிலையத்தில் நாட்பட்ட முதுகுவலி உடைய 80 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2008இல் வெளியாயிற்று. ஒரு வாரம் தங்கி யோகப் பயிற்சி செய்தவர்களுக்கு, வேறு உடற்பயிற்சி செய்தவர்களைவிட வலியால் வரும் இயலாமை அதிகம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் நாட்பட்ட இடுப்புவலிக்கு முறையான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டை அணிவதைப் பரிந்துரைக்கவில்லை. பட்டையை வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் அப்பாமார்கள் கவனிக்க! 2020ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இடுப்புவலி இருந்ததாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆகவே நாம் தனியாக இல்லை.

ஆசனம் பிடிக்காதவர்கள் நடக்கலாம். ஆஸ்திரேலியாவில் இடுப்புவலி நீங்கிய 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. படிப்படியாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் வரை நடந்தவர்களுக்கு, வலி மீண்டும் வர ஏறத்தாழ 208 நாட்கள் ஆயின. நடக்காதவர்களுக்கு 112 நாட்களிலேயே திரும்பிவிட்டது. ஆகஸ்டு 29இல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேறும்போது, காவி உடை அணிந்து நெடுந்தூரம் நடந்து செல்லும் பக்தர்களைக் காண்கிறோம். பரங்கிமலைப் படிகளில் ஏறி மேலே புனித தோமையார் ஆலயத்திற்குச் செல்லும்போதும் நம் கால்களும் இடுப்பும் நன்றாகவே உழைக்கின்றன. மாதாவும் தோமையாரும் ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வைக்கிறார்கள். மீதி நாட்களுக்கு நாம்தான் வழி தேட வேண்டும்.

மேசையைச் சரிசெய்தல்

பயிற்சிக்கு அடுத்தபடிதான் இது. வகுப்பில் குள்ளமானவளுக்கும் நெட்டையானவளுக்கும் ஒரே அளவு பெஞ்சுதான். அதை மாற்ற நம்மால் ஆகாது. கால் தரையில் எட்டாதவர்கள் பையைக் கீழே வைத்து அதன்மேல் பாதத்தை ஊன்றலாம். வீட்டில் இரண்டு செங்கல்லைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்தால் நல்ல காற்பலகை. பாடநூலைத் தட்டையாக வைத்துக் குனியாமல், நான்கு தடித்த புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்தால் கழுத்து தப்பும். மடிக்கணினியில் வேலை செய்யும் பெற்றோர், அதையும் அப்படியே உயர்த்தி, தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துக் கொள்ளலாம். கட்டிலில் படுத்துக்கொண்டு படிப்பவர்களுக்கு நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கம் வந்து அவர்களைக் காப்பாற்றிவிடுகிறது.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானே தணியும். சில வலிகளைப் பயிற்சியால் ஆற்ற முயலக் கூடாது. கீழே விழுந்தபின் வந்த வலி, காலில் மரத்துப்போதலோ பலவீனமோ சேர்ந்த வலி, இரவில் தூங்கவிடாத வலி, காய்ச்சலும் உடல் மெலிவும் கூடிய வலி இவற்றுக்கு உடனே மருத்துவரை நாட வேண்டும். சிறுநீர், மலம் கழிப்பதில் தடை ஏற்பட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. ஒரு தோள் மற்றொன்றைவிட உயர்ந்து தெரிந்தால் அதையும் காட்ட வேண்டும்; வளரும் வயதில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதுண்டு.

காய்ச்சலோடு கூடிய முதுகுவலியைத் தாம்பரத்தார் மறக்கலாகாது. நம் ஊரின் சானடோரியம் என்ற பெயரே 1928இல் டாக்டர் சௌரி முத்து அவர்கள் இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. காசநோய் நுரையீரலை மட்டுமன்றி முதுகெலும்பையும் தாக்கும். ஒரு காலத்தில் அதற்கு மாதக்கணக்கில் படுக்கையும் மாவுக்கட்டுமே கதி என்று இருந்தது. 1970களில் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வில், நோயாளிகள் நடமாடிக்கொண்டே மருந்து உட்கொண்டு குணமடைந்தனர். சாதாரண முதுகுவலிக்கும் நெடுநாள் படுக்கை வேண்டாம், இயன்றவரை நடமாடுங்கள் என்றே இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் விண்ணப்பம்

இவ்வளவும் எழுதியதற்கு ஒரு நோக்கம் உண்டு. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலை நன்கு இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறிய அளவு. எங்களுக்கு வாரத்தில் இரண்டு உடற்கல்விப் பாடவேளைகள். இரண்டும் சேர்ந்து 80 நிமிடம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அவையும் கணக்கிற்கும் அறிவியலுக்கும் போய்விடுகின்றன. எங்கள் பள்ளியில் மட்டுமன்று. வேறு பள்ளிகளில் படிக்கும் எங்கள் உறவுப் பெண்களும் இதையே சொல்கிறார்கள். சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் அவர்கள் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க அவ்வளவு முன்பே கல்லூரி கண்ட நகரம் இது. அப்படிப் பயின்று வந்த ஆசிரியை, பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் மைதானத்தில் பத்தாம் வகுப்பு மாணவியர் இன்றித் தனியே நிற்கிறார்.

மதிப்பெண்ணின் அருமை எங்களுக்குத் தெரியும். எங்களுக்காகத் தம் ஓய்வு நேரத்தையும் தரும் ஆசிரியைகளிடம் குறை காண இதை எழுதவில்லை. முதுகு வலிக்கும் மாணவி, சிறப்பு வகுப்பின் கடைசி அரை மணி நேரத்தில் கரும்பலகையைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறாள். அந்த அரை மணியை மைதானத்திற்குக் கொடுத்தால் கணக்குக்கு நட்டம் வராது என்று எண்ணுகிறோம்.

இக்கருத்தை எழுதி, வகுப்பினர் எல்லாரும் கையெழுத்திட்டு, தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் கொடுத்தோம். அவர்கள் நின்றபடியே முழுவதும் படித்தார்கள். செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பாடவேளையைப் பொதுத்தேர்வு வரை உடற்கல்விக்கே விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைப் பாடவேளையைப் பற்றிக் கணக்கு ஆசிரியையோடு பேசிச் சொல்வதாகவும் கூறியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் இப்போது நாங்கள் எறிபந்து ஆடுகிறோம்.